ஹேலி மோசமான அம்மாவா? 'தி ஃப்ளோரிடா ப்ராஜெக்ட்' பற்றிப் பேசலாம் (முழுக்கதையும் வரும்)

வேம்பு:

நேற்று இரவு இந்தப் படத்தை இரண்டாம் முறை பார்த்தேன். தூக்கம் வரவில்லை, அதனால் இங்கே எழுதுகிறேன். இன்னும் பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள், கதையை மறைத்துப் பேச என்னால் முடியாது.

பார்த்து நாளானவர்களுக்காகச் சுருக்கமாக: ஷான் பேக்கர் இயக்கி 2017-ல் வந்த படம். ஃப்ளோரிடாவில் டிஸ்னி வேர்ல்டுக்குப் பக்கத்தில், கிஸ்ஸிமீ ஊரின் நெடுஞ்சாலையில், ஊதா நிறம் பூசிய 'மேஜிக் கேசில்' என்ற மலிவு விலை மோட்டல். சுற்றுலாப் பயணிகளுக்காகக் கட்டியது, ஆனால் வீடு எடுக்க வசதியில்லாத குடும்பங்கள் வாரக்கணக்கு வாடகையில் அங்கே குடியிருக்கின்றன. ஹேலி இருபதுகளில் இருக்கும் அம்மா. மூனிக்கு ஆறு வயது. கோடை விடுமுறை. மூனியும் அவள் கூட்டாளிகளும் நாள் முழுக்க வால்தனம் செய்துகொண்டு திரிகிறார்கள். மோட்டலைக் கவனித்துக்கொள்ளும் மேலாளர் பாபியாக வில்லெம் டஃபோ.

முதல் முறை பார்த்தபோது முதல் ஒரு மணி நேரம் சிரித்துக்கொண்டே இருந்தேன், கடைசியில் அழுதேன். படம் நடுவில் எங்கோ தடம் மாறுகிறது என்று நினைத்தேன். இந்த முறைதான் புரிந்தது, எங்கேயும் மாறவில்லை. நான் எந்தக் காட்சிகளுக்குச் சிரித்தேனோ அவைதான் ஹேலிக்கு எதிரான சாட்சிகள். மாடியிலிருந்து பிள்ளைகள் கார்மேல் துப்பும்போது சிரித்தேன்: பார்த்துக்கொள்ள ஆளில்லாத பிள்ளைகள். ஆஸ்துமா இருக்கிறது, ஐஸ்கிரீம் சாப்பிட டாக்டர் சொன்னார் என்று போகிற வருகிறவர்களிடம் காசு கேட்கும்போது சிரித்தேன்: தெரியாதவர்களிடம் கையேந்தும் குழந்தை. அம்மாவும் மகளும் ஹோட்டல் வாசல்களில் சுற்றுலாப் பயணிகளைத் துரத்தித் துரத்தி வாசனைத் திரவியம் விற்கும்போது மூனியின் வாய்ச் சாமர்த்தியத்துக்குச் சிரித்தேன். அதற்கு என்ன பெயர் வைப்பது என்று இரண்டாம் முறை பார்க்கும்போது தெரிந்தது.

ஹேலி நல்ல அம்மாவா, மோசமான அம்மாவா என்று நான் தீர்ப்புக் கேட்கவில்லை. ஒரே செயல் அவளுடைய பாசமாகவும் தவறாகவும் இருக்கிறதே, அதை எப்படி எடுத்துக்கொள்கிறீர்கள்? அதைத்தான் கேட்கிறேன்.

செவ்வந்தி:

வேம்பு, நீங்கள் ரொம்பவே கனிவாக எழுதியிருக்கிறீர்கள். நான் அவ்வளவு கனிவாக இருக்கப் போவதில்லை, மன்னிக்க வேண்டும்.

ஹேலி மோசமான அம்மாதான். வறுமை வேறு, பொறுப்பில்லாமை வேறு. அதே மோட்டலில் கீழ்த்தளத்தில் ஆஷ்லி இருக்கிறாள். அவளுக்கும் ஸ்கூட்டி என்று ஒரு மகன், அவளும் தனியாள்தான். ஆனால் உணவகத்தில் வேலை பார்க்கிறாள். பின்கதவு வழியாக மூனிக்கும் சேர்த்துத் தினமும் சாப்பாடு கொடுத்து அனுப்புகிறாள். பிள்ளைகள் பாழடைந்த வீட்டில் தீ வைத்தது தெரிந்ததும் உடனே ஸ்கூட்டியை மூனியிடமிருந்து பிரித்துவிடுகிறாள். அதுதான் அம்மா செய்யும் வேலை. பதிலுக்கு ஹேலி என்ன செய்தாள்? மூனியைக் கூட்டிக்கொண்டு அந்த உணவகத்துக்கே போய், ஆஷ்லியையே பரிமாற வைத்து, கண்முன்னே ஏப்பம் விட்டுக் கேலி செய்தாள். இத்தனை நாள் தன் பிள்ளைக்குச் சோறு போட்ட தோழியை, அந்தப் பிள்ளையின் முன்னாலேயே.

அப்புறம் அந்த அடிதடி. வாடகைக்குப் பணம் கேட்டுப் போன இடத்தில், ஆஷ்லி உண்மையைச் சொன்னதும் முகத்தில் மாறி மாறிக் குத்துகிறாள். ஸ்கூட்டி பார்த்துக்கொண்டிருக்கிறான். அந்தக் காட்சிக்குப் பிறகு ஹேலிமேல் எனக்கு இருந்த இரக்கம் போய்விட்டது. திரும்பி வரவே இல்லை.

இருட்டறை:

படம் பிடித்த விதத்தைப் பற்றி யாராவது பேச வேண்டும், நான் பேசுகிறேன்.

கேமரா பெரும்பாலும் பிள்ளைகளின் உயரத்தில் இருக்கிறது. அலெக்ஸிஸ் சாபே ஒளிப்பதிவு, 35 மி.மீ. பிலிமில் எடுத்தது. கண் மட்டம் கீழே இருப்பதால் சாதாரண நினைவுப்பொருள் கடைகூட அரண்மனை மாதிரி நிமிர்ந்து நிற்கிறது. ஆரஞ்சுப் பழ வடிவத்தில் ஒரு கடை, கூரைமேல் பெரிய மந்திரவாதி தலையோடு ஒரு கடை. பிள்ளைகள் அகலச் சட்டகத்தின் ஒரு மூலையில் புள்ளிகளாக நடந்து போவார்கள். பெரியவர்களுக்கு அது அழுக்கான நெடுஞ்சாலை ஓரம், மூனிக்கு அதுதான் ராஜ்ஜியம்.

வேம்பு கேட்ட கேள்விக்கு இதில் பாதிப் பதில் இருப்பதாக நினைக்கிறேன். நாம் சிரிப்பதற்குக் காரணம் மூனியின் உயரத்திலிருந்து பார்ப்பதுதான். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் ஹேலி உலகத்திலேயே ஜாலியான அம்மா. கேமராவைக் கொஞ்சம் மேலே தூக்கினால் போதும், அதே காட்சி வேறு படம்.

குளியல்தொட்டிக் காட்சிகளைக் கவனித்தீர்களா? மூனி தண்ணீரில் பொம்மைகளோடு விளையாடுகிறாள், வெளியே பாட்டு சத்தமாக ஓடுகிறது. சில நொடிகள்தான், வெட்டிவிட்டு வேறு காட்சி. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி அதே தொட்டி, அதே சத்தம். முதலில் எனக்கு ஒன்றும் தோன்றவில்லை, குழந்தை குளிக்கிறது, அவ்வளவுதான். ஒருமுறை யாரோ ஓர் ஆள் குளியலறைக்குள் வந்துவிடுகிறான். மூனி திரையை இழுத்து மறைத்துக்கொள்கிறாள். உள்ளே குழந்தை இருக்கிறதே என்று அவன் குரல், அவனை வெளியே வரச்சொல்லிக் கத்தும் ஹேலியின் குரல். அந்த நொடியில் முன்னால் பார்த்த குளியல் காட்சிகள் அத்தனையும் மனசுக்குள் திரும்பி ஓடின. பாட்டு ஏன் அவ்வளவு சத்தமாக இருந்தது என்று அப்போதுதான் விளங்கியது.

ஹேலி தொழில் செய்கிறாள் என்று படத்தில் யாரும் நமக்கு விளக்கிச் சொல்வதில்லை. அந்த அறைக்குள் நாம் போவதே இல்லை. மூனிக்குத் தெரிந்த அளவுக்குத்தான் நமக்கும் தெரியும்.

செவ்வந்தி:

இருட்டறை, நன்றாகச் சொன்னீர்கள். ஆனால் நீங்கள் சொன்னதே என் பக்கத்துக்குத்தான் வலுச் சேர்க்கிறது. ஆறு வயதுப் பிள்ளையைத் தொட்டியில் உட்கார வைத்துவிட்டு, ஒரு கதவுக்கு அந்தப் பக்கம் முன்பின் தெரியாத ஆள். இதைப் பாசம் என்று எப்படிச் சொல்வது?

வேம்பு:

நான் அதைப் பாசம் என்று சொல்ல வரவில்லை, செவ்வந்தி. ஆனால் அந்தப் பாட்டை அவ்வளவு சத்தமாக வைத்தது யார்? அதுவும் ஹேலிதான். தன்னால் முடிந்த ஒரே திரையைப் பிள்ளைக்கும் அந்த அறைக்கும் நடுவில் கட்டியிருக்கிறாள். போதுமான திரையா? இல்லை. ஆனால் கட்டியிருக்கிறாள்.

இன்னொன்று. ஆரம்பத்தில் உதவித்தொகை அலுவலகத்தில் ஒரு காட்சி வரும், பலர் மறந்திருப்பீர்கள். நடன விடுதியில் வேலை போய்விட்டது என்று ஹேலி சொல்கிறாள். நடனத்துக்கு மேல் எதிர்பார்த்தார்கள், மறுத்தேன், அதனால் வேலை போனது என்கிறாள். வேலை நேரக் கணக்கு இல்லாததால் உதவித்தொகையும் கிடைக்காது. எதைச் செய்ய மாட்டேன் என்று சொல்லி வேலையை இழந்தாளோ, வாடகைக்காகக் கடைசியில் அதையே செய்கிறாள். அந்த அலுவலகக் காட்சி இரண்டு நிமிடம்கூட இருக்காது, ஹேலியின் திமிர்ப் பேச்சில் கடந்து போய்விடுகிறது. நான் முதல் முறை அதற்கும் சிரித்தேன்.

நெடுஞ்சாலை:

வணக்கம். இங்கே அதிகம் எழுதாதவன் நான். குழந்தைகள் நலன் சார்ந்த வேலையில் பல வருடங்கள் இருந்திருக்கிறேன். எந்த அமைப்பு, யார் குழந்தைகள் என்று எதுவும் சொல்ல மாட்டேன், சொல்லவும் கூடாது. படத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

முதலில் மோட்டல் விஷயம், ஏனென்றால் அதைப் புரிந்துகொள்ளாமல் ஹேலியை எடைபோட முடியாது. மாதம் ஒருமுறை ஹேலியும் மூனியும் சாமான்களைத் தூக்கிக்கொண்டு ஓர் இரவு பக்கத்து மோட்டலுக்குப் போவார்கள், ஞாபகம் இருக்கிறதா? தொடர்ந்து தங்கினால் குடியிருப்பாளர் என்ற உரிமை வந்துவிடும். அதைத் தடுக்கத்தான் நிர்வாகம் ஓர் இரவு வெளியே அனுப்புகிறது. விருந்தாளி என்றால் எப்போது வேண்டுமானாலும் போகச் சொல்லலாம், குடியிருப்பாளர் என்றால் முறைப்படிதான் வெளியேற்ற வேண்டும். படத்தில் அந்த இரவு பக்கத்து மோட்டலில் வாடகையை ஏற்றிவிட்டார்கள். பாபி வந்து வித்தியாசத்தைத் தன் பையிலிருந்து கொடுக்க முன்வருகிறார், அப்போதும் அந்த மோட்டலின் வரவேற்பில் இருக்கும் பெண் இடம் தர மறுக்கிறாள்.

அமெரிக்காவில் 1987-ல் வந்த மெக்கின்னி-வென்டோ சட்டம் என்று ஒன்று உண்டு. பள்ளிக்கல்வி சம்பந்தப்பட்ட அதன் விதிகளில், வேறு இடம் இல்லாமல் மோட்டலில் வாழும் பிள்ளைகளையும் வீடற்றவர்கள் என்றே கணக்கில் எடுப்பார்கள். மூனியைத் தெருவில் நிற்கும் குழந்தை என்று நாம் யாரும் நினைப்பதில்லை. அவளுக்குக் கட்டில் இருக்கிறது, டிவி இருக்கிறது, கூரை இருக்கிறது. ஆனால் விலாசம் இல்லை. ஆரம்பத்தில் டிக்கி என்ற பையன் ஊரைவிட்டுப் போகும்போது, காரில் இடமில்லை என்று அவன் அப்பா விளையாட்டுச் சாமான்களை மற்றப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சொல்வார். சின்னக் காட்சி. அந்தப் பிள்ளைகளுக்கு எதுவும், யாரும் நிலையில்லை என்பதை அதைவிடக் குறைவாகச் சொல்ல முடியாது.

இப்போது ஹேலி. செவ்வந்தி சொல்வதில் தவறில்லை. அந்த அறைக்கு நான் போயிருந்தால் நானும் அதே அறிக்கையைத்தான் எழுதியிருப்பேன். எழுதாமல் இருக்க முடியாது. ஆனால் அறிக்கையில் எழுத இடமில்லாத விஷயம் ஒன்று உண்டு. படம் முழுக்க ஹேலி மூனியை ஒரு முறைகூட அடிப்பதில்லை. இவளால்தான் என் வாழ்க்கை இப்படி ஆனது என்ற பார்வைகூட அவளிடம் வருவதில்லை. அந்தக் குழந்தை அம்மாவைக் கண்டு பயப்படுவதே இல்லை. என் வேலையில் நான் முதலில் தேடியது அதைத்தான்: கதவு திறக்கும் சத்தம் கேட்டால் குழந்தையின் தோள் எப்படி அசைகிறது. மூனியின் தோள் அசையவில்லை.

செவ்வந்தி:

நெடுஞ்சாலை, தோள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று முழுக்க யோசித்தேன். பதில் இருக்கிறது, ஆனால் அவசரப்பட்டு எழுத வேண்டாம் என்று இருக்கிறேன்.

மழைத்துளி:

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாளாக இந்த இழையைத் திறந்து திறந்து மூடினேன்.

எனக்கு ஹேலி மாதிரி ஓர் அம்மா இருந்தார். அதே கதை இல்லை, ஆனால் அதே ஆள். நள்ளிரவில் மழை வந்தால் எழுப்பிக் கூட்டிக்கொண்டு போய் நனைவார். இருவரும் சத்தம்போட்டுப் பாடுவோம். ஹேலியும் மூனியும் மழையில் ஆடும் காட்சி வந்ததும் படத்தை நிறுத்திவிட்டேன், அரை மணி நேரம் கழித்துத்தான் தொடர்ந்தேன். அந்த மழை இரவுகளுக்கு அடுத்த நாள் காலை அம்மா எழுந்திருக்க மாட்டார். நானே தலை வாரிக்கொண்டு, இரண்டு பக்கமும் சமமாக வராத பின்னலோடு பள்ளிக்குப் போவேன். ஏன் தலை இப்படி என்று ஆசிரியர் கேட்டால், அம்மா ஊருக்குப் போயிருக்கிறார் என்பேன். அம்மா அடிக்கடி ஊருக்குப் போனார்.

வேம்பு கேட்ட கேள்விக்கு என் பதில்: ஒரே செயல் இரண்டாகவும் இருக்கும். மழையும் உண்மை, பின்னலும் உண்மை. ஒன்றை வைத்து மற்றதைக் கழிக்க முடியாது. என்னைக் கேட்டவர்கள் எல்லோரும் கழித்துச் சொல்லச் சொன்னார்கள். மொத்தத்தில் நல்லவரா, மொத்தத்தில் கெட்டவரா என்று. மொத்தம் என்று ஒன்று எனக்கு வரவே இல்லை.

படத்தில் என்னை மிகவும் வதைத்த இடம் வேறு. தேனிலவுக்கு வந்த பிரேசில் தம்பதி தெரியாமல் அந்த மோட்டலில் அறை பதிவு செய்துவிட்டு வந்து நிற்பார்கள். டிஸ்னி பூங்கா பக்கம் என்று நினைத்து ஏமாந்துவிட்டார்கள். மணப்பெண் கோபத்தில் இருக்கிறாள். மூனி பார்த்துவிட்டு, இந்த அக்கா அழப்போகிறாள், பெரியவர்கள் எப்போது அழப்போகிறார்கள் என்று எனக்கு எப்பவும் தெரியும் என்கிறாள். எல்லோரும் சிரிக்கும் இடம் அது. எனக்கும் அந்த வித்தை தெரியும். கதவுக்கு வெளியே நின்று, உள்ளே பாத்திரம் வைக்கும் சத்தத்தை வைத்தே இன்று எப்படிப்பட்ட நாள் என்று சொல்லிவிடுவேன். எந்தக் குழந்தையும் அதைச் சும்மா கற்றுக்கொள்வதில்லை. நெடுஞ்சாலை ஐயா, உங்கள்மேல் மரியாதை உண்டு, ஆனாலும் ஒன்று சொல்கிறேன். தோள் அசையாமல் இருக்கலாம். அந்தக் குழந்தை கண்ணால் எடைபோட்டுக்கொண்டேதான் இருக்கும்.

நெடுஞ்சாலை:

மழைத்துளி, இதை ஏற்றுக்கொள்கிறேன். அந்தப் பிரேசில் தம்பதி காட்சியை நான் வெறும் நகைச்சுவையாகவே கடந்திருக்கிறேன். நான் எழுதியது முழுமையில்லை. நன்றி அம்மா.

வேம்பு:

மழைத்துளி, எழுதியதற்கு நன்றி. வேறெதுவும் சொல்லத் தெரியவில்லை.

இருட்டறை:

பாபியைப் பற்றி இன்னும் யாருமே பேசவில்லையே. டஃபோவுக்குத் துணை நடிகர் பிரிவில் ஆஸ்கர் பரிந்துரை வாங்கித் தந்த வேடம். மற்ற முகங்கள் பெரும்பாலும் புதியவை. ஹேலியாக நடித்த பிரியா வினைட்டேயை இயக்குநர் இன்ஸ்டாகிராமில் பார்த்துத் தேர்ந்தெடுத்தார், அவருக்கு இதுதான் முதல் படம். 2016 கோடையில் படப்பிடிப்பு, அப்போது மூனியாக வந்த புரூக்லின் பிரின்ஸுக்கு ஆறு வயது. அந்த மோட்டலும் நிஜமான மோட்டல். இத்தனை நிஜத்துக்கு நடுவில் அனுபவப்பட்ட நடிகர் ஒருவர் தனித்துத் தெரியாமல் கரைந்து நிற்பது பெரிய விஷயம்.

பாபி ஹேலியைக் கத்துகிறார், மிரட்டுகிறார், வாடகைக்கு நெருக்குகிறார். கோபத்தில் அவள் சானிட்டரி நாப்கினை அவர் அலுவலகக் கண்ணாடியில் ஒட்டிவிட்டுப் போகிறாள். அதற்குப் பிறகும் அவர் அவளை வெளியே தள்ளுவதில்லை. பிள்ளைகள் விளையாடும் இடத்தில் ஒரு கிழவன் வந்து பேச்சுக் கொடுக்கிறான். மாடியில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்த பாபி பார்த்துவிடுகிறார். இறங்கி வந்து முதலில் சண்டை போடுவதில்லை. குளிர்பானம் வேண்டுமா என்று பேசிப் பேசிப் பிள்ளைகளைவிட்டு அவனைத் தள்ளிக் கூட்டிப் போகிறார். அங்கே போனதும்தான் உண்மைக் கோபம் வருகிறது. பிள்ளைகளுக்கு அப்படி ஒன்று நடந்ததே தெரியாது. ஹேலி பாட்டைச் சத்தமாக வைத்ததும் இதுவும் ஒரே வகை வேலை என்று எனக்குத் தோன்றுகிறது. பாபிக்கு அது முடிகிறது, ஏனென்றால் அவருக்குச் சம்பளம் இருக்கிறது, அதிகாரம் இருக்கிறது, ஒரு மாடி இருக்கிறது.

செவ்வந்தி:

சரி, இப்போது எழுதுகிறேன்.

வார இறுதியில் மறுபடி பார்த்தேன். ஆஷ்லியை அடிக்கும் காட்சியில் என் கோபம் குறையவில்லை, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீச்சலுடையில் இருவரும் செல்ஃபி எடுத்து விளையாடும் காட்சிதான் இந்த முறை என்னைத் தடுமாற வைத்தது. அம்மாவும் மகளும் உதட்டைக் குவித்து, இடுப்பில் கை வைத்து, சிரித்துச் சிரித்துப் படம் எடுக்கிறார்கள். மூனிக்கு அது மத்தியான விளையாட்டு. அந்தப் படங்கள் எதற்கு என்று, ஹேலி ஆள் பிடிக்க இணையத்தில் போட்ட விளம்பரத்தைப் பற்றி ஆஷ்லி பேசும்போதுதான் தெரிகிறது. முதல் முறை பார்த்தபோது, பிள்ளையை வைத்தா இதைச் செய்தாள் என்று கொதித்தேன். இந்த முறை ஹேலியின் முகத்தை மட்டும் பார்த்தேன். அவள் நடிக்கவில்லை. அந்த விளையாட்டில் அவளுக்கும் உண்மையான சந்தோஷம் இருந்தது. வேம்பு சொன்னது அங்கேதான் எனக்குப் புரிந்தது. ஏமாற்றி விளையாடியிருந்தால் வெறுப்பது சுலபமாக இருந்திருக்கும்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் நான் மாறவில்லை. ஹேலி மூனிக்கு அம்மாவாக இருப்பதைவிட அவளுக்கு மூத்த தோழியாக இருக்கிறாள். குழந்தைக்குத் தோழிகள் கிடைப்பார்கள். பக்கத்து மோட்டலில் இருக்கும் ஜான்சி கிடைத்தாள். அம்மா ஒருத்திதான். யாரோ ஒருவர் வேண்டாம் என்று சொல்லும் ஆளாக இருக்க வேண்டும், அதை ஹேலி ஒரு நாளும் செய்யவில்லை.

மழைத்துளி:

செவ்வந்தி அக்கா, இதில் உங்கள் பக்கம்தான் நான். எனக்கு வேண்டாம் என்று சொன்னவர் பாட்டி. ஜான்சிக்கும் பாட்டிதான், கவனித்தீர்களா? மூனிக்கு அப்படி யாரும் இல்லை.

ஜான்சியின் பிறந்தநாள் காட்சியையும் சொல்ல வேண்டும். ஹேலி பிள்ளைகள் இருவரையும் வழியில் போகும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போய், இருட்டில் ஓர் இடத்தில் கேக் வெட்டி, டிஸ்னியில் விடும் வாணவேடிக்கையைத் தூரத்திலிருந்து காட்டுகிறாள். உள்ளே போகக் காசில்லை, வானத்துக்கு நுழைவுக்கட்டணம் இல்லை. ஹேலியிடம் இருக்கும் நல்லது எல்லாம் அந்த ஒரு காட்சியில் இருக்கிறது.

நிழற்குடை:

புதிதாக வந்தேன், முழு இழையும் படித்தேன். எல்லோரும் அருமையாக எழுதியிருக்கிறீர்கள். ஆனால் முடிவைப் பற்றி யாருமே வாய் திறக்கவில்லை! எனக்கு அது பிடிக்கவில்லை. அத்தனை நிஜமாகப் போன படம் கடைசி ஒரு நிமிடத்தில் கனவு மாதிரி ஆகிவிட்டது. மூனியும் ஜான்சியும் கைகோத்து ஓடி டிஸ்னி கோட்டைக்கு முன்னால் போய் நிற்கிறார்கள். அங்கே எப்படிப் போனார்கள்? யார் உள்ளே விட்டது? இயக்குநர் கதையிலிருந்து தப்பித்து ஓடிவிட்டார் என்று தோன்றியது.

இருட்டறை:

நிழற்குடை, முதலில் தொழில்நுட்பம்: படம் முழுக்க பிலிம், அந்த ஓட்டம் மட்டும் ஐபோனில் எடுத்தது. அனுமதி வாங்காமல் பூங்காவுக்குள் ரகசியமாகப் படம்பிடித்தார்கள். அதனால்தான் அந்த இடத்தில் அசைவும் வண்ணமும் சட்டென்று வேறாகத் தெரிகிறது. படம் தொடங்கும்போது வரும் கொண்டாட்டப் பாட்டு, அங்கே வாத்திய இசையாகத் திரும்பி வருகிறது.

தப்பித்து ஓடியது இயக்குநர் இல்லை, கேமரா என்று சொல்லலாம். அது வரைக்கும் மூனியின் உயரத்தில் இருந்த கேமரா கடைசியில் மூனியின் மனசுக்குள்ளேயே போய்விட்டது. வெளியே நடப்பதைக் காட்ட முடியாது, காட்டவும் கூடாது.

தலைப்பும் அங்கேதான் பொருந்துகிறது. 1971-ல் திறந்த டிஸ்னி வேர்ல்டைத் திட்டமிட்ட காலத்தில் அதற்கு வைத்திருந்த பெயர்தான் ஃப்ளோரிடா ப்ராஜெக்ட். அந்தத் திட்டத்தின் வேலி ஓரத்தில் வளர்ந்த பிள்ளைகள் அந்தக் கடைசி ஓட்டம் வரைக்கும் ஒரு தடவைகூட உள்ளே போகவில்லை.

நெடுஞ்சாலை:

முடிவில் எனக்கு ஓட்டத்தைவிட அதற்கு முந்திய ஐந்து நிமிடம் முக்கியம்.

மூனியைக் கூட்டிப் போக வந்த குழந்தைகள் நலத்துறை அதிகாரிகள் மென்மையாகவே பேசுகிறார்கள். கொடூரமானவர் ஒருவரும் இல்லை. கொஞ்ச நாள் வேறு குடும்பத்தோடு இருக்கப் போகிறாய் என்று சொல்லாமல் சொல்கிறார்கள். மூனிக்குப் புரிந்துவிடுகிறது. திமிறிக்கொண்டு ஓடிவிடுகிறாள். குழந்தை கையை விட்டுப் போய்விட்டது. அப்போது ஹேலி கத்துகிறாள்: குழந்தையை ஓடவிட்டது நீங்கள், தகுதியில்லாதவள் நானா? முதல் முறை அந்த இடத்தில் என்னால் மூச்சுவிட முடியவில்லை. நியாயமான கேள்வி. நியாயமான கேள்வியைக் கேட்கும் அவள் அன்றைக்கு நியாயமான அம்மா இல்லை என்பதும் உண்மை. இப்படிப்பட்ட வாசலில் நானும் நின்றிருக்கிறேன். நாம் செய்வது சரிதான் என்று தெரிந்தே ஒரு குழந்தையின் செருப்பைத் தேடி எடுத்துக் கொடுத்திருக்கிறேன். எந்தச் செருப்பு எந்தக் காலுக்கு என்று அந்தக் குழந்தை எனக்குச் சொல்லிக் கொடுத்தது.

இதற்கு மேல் எழுத முடியவில்லை.

நிழற்குடை:

ஐயா, நான் அந்த ஐந்து நிமிடத்தையும் முடிவோடு சேர்த்து யோசிக்கவே இல்லை. மறுபடி பார்க்கிறேன். மூனி ஜான்சியின் கதவைத் தட்டிவிட்டு என்ன என்று சொல்ல முடியாமல் அழும் இடம்வரை எனக்கும் தொண்டை அடைத்துத்தான் இருந்தது. படம் முழுக்க வாயாடிய பிள்ளை. அங்கே வார்த்தை வரவில்லை.

மழைத்துளி:

பெரியவர்கள் எப்போது அழப்போகிறார்கள் என்று தெரிந்த பிள்ளைக்குத் தான் அழப்போவது தெரியவில்லை.

வேம்பு:

இழை தொடங்கி ஒரு வாரம் ஆகிவிட்டது. இவ்வளவு பேர் இவ்வளவு மனசோடு எழுதுவீர்கள் என்று நான் நினைக்கவில்லை. கடைசியாக ஒரே ஒரு காட்சியைச் சொல்லிவிட்டுப் போகிறேன், இதுவரை யாரும் தொடவில்லை.

எல்லாம் முடியப் போகிறது என்று ஹேலிக்குத் தெரிந்த பிறகு, மூனியைப் பெரிய ஹோட்டல் ஒன்றின் காலை உணவுக்குக் கூட்டிப் போகிறாள். அங்கே தங்கியிருப்பவர்கள் மாதிரி ஏதோ ஓர் அறை எண்ணைச் சொல்லி நுழைந்துவிடுகிறார்கள். திருட்டுச் சாப்பாடுதான். அதையும் கோப்பில் எழுதலாம். கேமரா மூனியின் முகத்துக்கு நேராக வைத்தபடி இருக்கிறது. வாய் நிறையச் சாப்பிடுகிறாள். பழம், பன்றியிறைச்சி, எது இனிப்பு எது உப்பு என்று வேறுபாடே இல்லாமல் மாறி மாறி. முள்கரண்டி மிட்டாயில் செய்திருந்தால் சாப்பிட்டு முடித்ததும் அதையும் சாப்பிட்டுவிடலாமே என்கிறாள். இடையிடையே ஹேலியின் முகம் மட்டும் வருகிறது. மகள் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கண்ணை எடுக்கவில்லை. சிரிக்கிறாள்.

முதல் முறை பார்த்தபோது அந்த மிட்டாய் முள்கரண்டிக்குச் சத்தமாகச் சிரித்தேன். நேற்று மறுபடி அந்தக் காட்சியை மட்டும் போட்டுப் பார்த்தேன். இப்போதும் சிரிப்பு வந்தது.

செவ்வந்தி:

எனக்கும் வந்தது, வேம்பு. இப்போதுதான் பார்த்துவிட்டு வந்தேன். ஹேலி அங்கே அவசரமே படவில்லை, பார்த்தீர்களா. படத்தில் முதல் முறையாக அவளுக்கு எங்கும் ஓட வேண்டியது இல்லை.